ஒன்ராறியோவின் உப்புத் தெருக்கள்

உப்பை நாம் உணவிலே காண்கின்றோம். கடலோர உப்பளங்களிலே காண்கின்றோம். உண்ட வீட்டை மறவாதிருத்தற்கு அடையாளமாகவும் அதனைப் போற்றுகின்றோம். அதே உப்பைத் தெருவிலே தூவி, அதன்மேல் வண்டியோட்டி வாழும் மக்களும் உலகில் உளர். கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே, கார்த்திகைப் பிற்பகுதி முதல் பங்குனி முடியும்வரை, பெருந்தெருவும் ஒழுங்கையும் வீட்டு வாசற்படியும் சாம்பல் பூத்த உப்புப் படிந்தே கிடக்கும். 2023 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், விடுமுறை பெற்று, அங்குள்ள உறவினரோடு சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆங்குக் கண்டவற்றுள் நம் குடும்பத்தினரும் மாணவரும் அறியத்தக்க ஒன்றை இங்கே எழுதுகின்றேன்.

தெருவுக்கு உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். தூய நீர் சுழியம் பாகை செல்சியசில் உறையும். அதிலே உப்புக் கரையுமாயின், உறைநிலை கீழே இறங்கும். நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு உப்புச் சேர்ந்த நீர், சுழியத்துக்குக் கீழே 21 பாகை வரையில் உறையாது நிற்கும். ஆயினும் நடைமுறையில், குளிர் சுழியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால், சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அப்போது கல்சியம் குளோரைட்டு முதலிய வேறு உப்புக்களைச் சேர்ப்பர். 1997-98 ஆம் ஆண்டுப் பனிக்காலத்துக்கு மட்டும் கனடாவின் தெருக்களில் ஏறக்குறைய 49 இலட்சம் தொன் உப்பு இடப்பட்டதாக அந்நாட்டு அரசின் ஆய்வறிக்கை கணித்தது. கண்ணாடி போல் உறைந்த தெருவிலே வழுக்கி உயிரிழப்பாரைக் காக்கும் மருந்து அது.

இவ்வளவு உப்பும் எங்கிருந்து வருகின்றது? அதனைக் காண்பதற்காக ஒரு நாள் என் ஒன்றுவிட்ட தம்பியின் பிக்கப் வண்டியிலே புறப்பட்டோம். ரொறன்ரோவுக்கு மேற்கே ஏறக்குறைய 220 கிலோமீற்றர் தொலைவில், ஹியூரன் ஏரிக்கரையில், கோட்ரிச் என்னும் சிற்றூர் உளது. கிச்சினர், ஸ்ராற்போட், மிச்சல், கிளின்ரன் என்னும் ஊர்களைக் கடந்து சென்றோம். அறுவடை முடிந்த சோள வயல்கள் இருபுறமும் வெறிச்சோடிக் கிடந்தன. களஞ்சியக் கூரைகளில் முதற்பனி மெல்லிதாகப் படிந்திருந்தது.

கோட்ரிச் அழகான ஊர். அதன் நடுவே நீதிமன்றக் கட்டடம், அதனைச் சுற்றி எண்கோண வடிவில் ஒரு தெரு, அத்தெருவோரம் கடைகள். 2011 ஆம் ஆண்டு ஆவணி 21 ஆந் திகதி வீசிய சுழல்காற்று இந்நடுப்பகுதியைச் சிதைத்தது. துறைமுகத்தருகே உப்புச் சுரங்கத்தில் வேலைசெய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் உயிரையும் கொண்டுபோயிற்று. ஊரார் அதன்பின் எல்லாவற்றையும் மீளக் கட்டியெழுப்பினர்.

1866 ஆம் ஆண்டில் இவ்வூரில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள், எண்ணெய்க்குப் பதிலாக உப்பைக் கண்டனர். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியிற் கிடந்து வற்றிப்போன கடலின் எச்சம் அது. 1959 ஆம் ஆண்டு முதல் பாறையுப்பாக வெட்டியெடுத்து வருகின்றனர். நிலத்துக்குக் கீழே ஏறக்குறைய 550 மீற்றர் ஆழத்தில், ஏரியின் அடியிலேயே நெடுந்தூரம் பரந்து செல்லும் இச்சுரங்கம், உலகின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் எனப்படுகின்றது. உள்ளே செல்ல எமக்கு வழியில்லை. கரையில் நின்று, மலைபோல் எழுந்த களஞ்சியங்களையும், உப்பேற்றக் காத்து நின்ற கப்பலையும் பார்த்தோம். தம்பி தன் வண்டியின் மட்காட்டைத் தடவியபடி சொன்னான்: “அண்ணை, இந்த உப்புத்தான் என்னைக் காப்பாத்துது. இதுதான் என்ரை வாகனத்தையும் தின்னுது.”

அவன் கூறியது மெய். வீட்டுக் கூரைகளைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். ஏணி, பலகை, கருவிகள் யாவும் அப்பிக்கப்பிலேதான் செல்கின்றன. வண்டி நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் அங்குள்ள பிள்ளைகள் இருவரின் படிப்பும், இங்குள்ள பெற்றோரின் மருந்துச் செலவும் தடுமாறும். முந்திய பனிக்காலத்தில் ஒரு நாள், பெருந்தெருவை விட்டு இறங்கும் வேளையில், பிறேக் மிதியடி திடீரெனத் தளர்ந்து அடிவரை போய்விட்டதாம். பிறேக் எண்ணெய் செல்லும் உருக்குக் குழாய் கறளால் அரிக்கப்பட்டு வெடித்திருந்தது. கைப்பிறேக்கைப் பிடித்து, ஓரத்துப் பனிக்குவியலிலே முட்டி நிறுத்தியதனால் உயிர் தப்பினான். கறள் என்பது வெறும் அழகுக்கேடு அன்று என்பதனை இச்செய்தி எனக்கு உணர்த்தியது.

கறள் பிடித்தற்கு இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் போதும். உப்புக் கலந்த நீர் மின்னை எளிதிற் கடத்துமாதலால், அரிப்பு பன்மடங்கு விரைவுபெறும். கல்சியம் குளோரைட்டோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரும்பை உலரவே விடாது. மேலும், கறள் தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தைப் பிடிப்பது. ஆகவே தகடுகள் பொருந்தும் மூட்டுக்களிற் புகுந்து அவற்றை நெம்பிப் பிளக்கின்றது. பிக்கப் வண்டியின் உடல், ஏணி போன்ற ஓர் உருக்கு அடிச்சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கின்றது. ரயர்கள் வீசியடிக்கும் உப்புச்சேறு அச்சட்டத்தின் உட்குழிவுகளில் போய்த் தங்கும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே எலும்பு உளுத்துப்போகும்.

இக்கேட்டைத் தடுக்கும் முறையையும் கண்டேன். ஆண்டுதோறும் பனி விழுமுன்னர், வண்டியைக் கராச்சிலே உயர்த்தி, அடிப்பகுதி முழுவதும் கறள்தடுப்பு எண்ணெயை விசிறுகின்றனர். கதவுகளின் உட்புறம், அடிச்சட்டத்தின் பொள்ளல், பின்கதவின் மடிப்பு ஆகிய இடங்களுக்கு நீண்ட மெல்லிய குழலைச் செலுத்தி எண்ணெயைப் புகுத்துகின்றனர். அது நீரை விலக்கி, இடுக்குகளில் ஊர்ந்து செல்லும். ஆட்டு உரோமத்திலிருந்து பெறப்படும் கொழுப்பினால் ஆன பூச்சுக்களும் உள. இரண்டொரு நாள் எண்ணெய் சொட்டும், நாற்றமும் இருக்கும். அதற்கு மனைவிமாரின் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கராச்சுக்காரர் நகைத்தார். தார் போன்று தடித்து இறுகும் பூச்சுப் பற்றி அவர் எச்சரித்தார். தூய புதிய உருக்கிலே அது நன்று. ஏற்கெனவே கறள் உள்ள இடத்தில் பூசினாலோ, வெடிப்பினூடே புகுந்த ஈரத்தை உள்ளே சிறைவைத்துக் கேட்டை மறைத்துவிடும்.

எஞ்சியவை உரிமையாளரின் கையில். குளிர் சற்றுத் தணிந்து, வெப்பநிலை சுழியத்துக்கு மேலேறும் நாட்களில், வண்டியின் அடிப்பாகத்தை நீர் பீச்சிக் கழுவுதல் வேண்டும். கதவடியிலுள்ள வடிகால் துளைகளை அடைபடாது காத்தல் வேண்டும். கல்லடித்து வண்ணம் பெயர்ந்த புள்ளிகளை உடனே பூசிவிடுதல் வேண்டும். சரக்குத் தட்டிலே இலைகுப்பை தங்கவிடலாகாது. பலர், சூடேற்றிய அறையிலே வண்டியை நிறுத்துவது நல்லதென்று எண்ணுகின்றனர். உப்புப்பனியோடு வந்த வண்டி அங்கே நின்றால், பனி உருகி, அரிப்பு மேலும் விரைவுபெறும்; கழுவிய பின் நிறுத்துவதே முறை. வெடித்த குழாய்க்குப் பதிலாகத் தம்பி செம்பும் நிக்கலும் கலந்த குழாயை இடுவித்திருந்தான். அது உருக்கைப் போல் இலகுவில் அரிபடாது.

வண்டி செய்வோரும் இதனை அறியாதவரல்லர். போர்ட் நிறுவனம் 2015 மாதிரி முதல் தன் எஃப்-150 பிக்கப்பின் உடலை அலுமினியத்தால் அமைத்தது. அடிச்சட்டம் மட்டும் உருக்காகவே உளது. அமெரிக்காவில் டக்கோமா முதலிய வண்டிகளின் அடிச்சட்டங்கள் கறளரித்தமை பற்றி எழுந்த வழக்கில், 2016 ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. ஏறக்குறைய 15 இலட்சம் வண்டிகள் அவ்விணக்கத்தில் அடங்கின.

தெருவில் இட்ட உப்பு வசந்தத்திலே மறைந்துவிடுவதில்லை. ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்கின்றது. தெருவுப்பு சுற்றாடலுக்குத் தீங்கானது என்று கனடிய அரசின் ஆய்வு 2001 ஆம் ஆண்டு முடிவுகட்டியது. அதனால், பனி விழுமுன்னரே உப்புநீரைத் தெளித்துக் குறைந்த அளவால் நிறைந்த பயன்பெறும் முறை பல ஊர்களிற் பரவியுள்ளது. உப்பை முற்றாகக் கைவிட்டால் தெருவிலே உயிர்கள் போகும். மட்டின்றிக் கொட்டினால் நீரும் இரும்பும் கெடும். அளவறிந்து இடுவதே அங்குள்ளோர் இன்று பயிலும் பாடம்.

நமக்குப் பனியில்லை. ஆயினும் கடற்காற்று வீசும் நம் கரையோர ஊர்களிலே சைக்கிளும் தகரக்கூரையும் எவ்வளவு விரைவில் கறள் பிடிக்கின்றன என்பதனை யாவரும் அறிவோம். நல்ல நீராற் கழுவுதல், துளைகளை அடையாது வைத்தல், மூட்டுக்களுக்கு எண்ணெயிடுதல் என்னும் மூன்றும் வடமராட்சிக் கரைக்கும் ஒக்கும்.

பங்குனி முடிவில் தம்பியின் செய்தி வந்தது. அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தானாம். பழைய கறள் பரவவில்லை. ஓசை கணீரென்று கேட்டதாம். இன்னும் ஐந்து பனிக்காலம் தாங்கும் என்று எழுதியிருந்தான். பெரியம்மாவுக்கு அதனை வாசித்துக் காட்டினேன்.