மெய்ப்புப் பார்த்த கண்கள்

எங்கள் அப்பா முப்பத்தொரு ஆண்டுகள் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினார். தலபுராணங்கள், கல்யாணப் பத்திரிகைகள், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு, இரண்டு மூன்று இதழ்களோடு நின்றுபோன சிற்றிதழ்கள் என எத்தனையோ தாள்களில் அவருடைய சிவப்பு மை பட்டிருக்கிறது. எதிலும் அவர் பெயர் இல்லை. எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். எழுத நினைத்ததை அவன் மனம் அறிந்திருப்பதால், தாளில் இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதைப் படித்துவிடுகிறான். ஆகவே வேறொரு கண் வேண்டும் என்பார். சாப்பாட்டு நேரத்தில் பலமுறை கேட்ட பாடம் அது. அவருடைய கண்களுக்கே அது பொருந்தும் என்று எங்கள் யாருக்கும் தோன்றாமல் போனதைப் பற்றியே இந்தக் கட்டுரை. அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து எழுதுகிறோம்.

1984இல் குடற்புண் வெடித்து அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் இருவர் அச்சகத்துத் தோழர்கள். மூன்றாமவர் யாரென்று தெரியாது. ஹெபடைடிஸ் சி என்று இன்று நாம் அழைக்கும் வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். ரத்த வங்கிகளில் அதற்கான சோதனை கட்டாயமானது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. ஆகவே குறை சொல்ல அங்கே யாரும் இல்லை. 1997இல் சர்க்கரை நோய் வந்தது. அவர் வயதில் அது தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருந்ததால் யாரும் பதறவில்லை. 2009இல் குடலிறக்கத்துக்கு அறுவை செய்வதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான், கால் நூற்றாண்டாகக் கல்லீரலில் குடியிருந்த வைரஸ் வெளிப்பட்டது.

ஒரு வீட்டில் ஒரே சமயத்தில் ஒரு நோய்க்குத்தான் இடம் இருக்கிறது. அந்த நாளிலிருந்து எங்கள் வீடு கல்லீரலின் வீடாயிற்று. சர்க்கரை, பழைய வாடகைக்காரரைப் போல ஒரு மூலையில் கிடந்தது. இரண்டும் உறவுக்காரர்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்த வைரஸ் கல்லீரலில் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. அதனால் இந்தத் தொற்று உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக வருகிறது. அப்பாவின் சர்க்கரைக்கு வைரஸும் ஒரு காரணமாயிருக்கலாம். உறுதியாகச் சொல்ல வழியில்லை.

அந்தக் காலத்தில் இருந்த சிகிச்சை, வாரம் ஒரு இன்டர்பெரான் ஊசியும் தினமும் ரிபவிரின் மாத்திரைகளும். அப்பாவின் வைரஸ் வகைக்கு 48 வாரம். பணத்துக்காக நகைகள் அடகுக்குப் போயின. சிகிச்சையைத் தொடங்குமுன் கல்லீரல் மருத்துவர் ஒரு சீட்டு எழுதித் தந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லும் சீட்டு. பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறதே, எதற்கு இன்னொரு செலவு என்றார் அப்பா. எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றோம். அந்தச் சீட்டு கோப்பிலேயே இருந்துவிட்டது.

நாங்கள் ஏமாந்த இன்னொரு இடமும் உண்டு. சிகிச்சையின்போது எடுத்த பரிசோதனையில், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எண் 6.1 என்று வந்தது. அதற்கு முன் அது 8க்குக் கீழே இறங்கியதில்லை. பத்தியச் சாப்பாட்டின் பலன் என்று மகிழ்ந்தோம். வீட்டுக் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் 200க்கு மேல் காட்டியது. கருவி பழசு என்றோம். உண்மை வேறு. அந்தச் சராசரி, சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கொண்டு கணக்கிடப்படுவது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்பது அதன் அடிப்படை. ரிபவிரின் சிவப்பணுக்களைச் சீக்கிரமே உடைத்துவிடும். முற்றிய கல்லீரல் நோயில் வீங்கிய மண்ணீரலும் அதையே செய்யும். இளம் அணுக்களில் சர்க்கரை ஒட்டுவதற்கு நாள் போதாது. ஆகவே எண் பொய்யாகக் குறைகிறது. நாங்கள் நம்ப விரும்பிய எண்ணை நம்பினோம், அவ்வளவுதான்.

பதினான்காவது வாரம். காலையில் செய்தித்தாளை விரித்த அப்பா, தாளில் மை சிந்தியிருக்கிறதா என்று கேட்டார். சிறிது நேரத்தில் வலக்கண்ணில் கறுப்பு நூல்கள் மிதப்பதாகச் சொன்னார். மாலைக்குள் அந்தக் கண்ணில் புகை மூடியது. வலி துளியும் இல்லை.

விழித்திரை மருத்துவர் ஒரு தாளில் வட்டம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். உள்ளே இரண்டு கதைகள் இருக்கின்றன என்றார். விழித்திரையில் பஞ்சுத் திட்டுகள் போல இருந்தவை புதியவை. இன்டர்பெரான் இப்படிச் செய்வது உண்டு, முதல் சில மாதங்களிலேயே தோன்றும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களிடம் அதிகம், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறையும். மற்றது பழைய கதை. நீரிழிவால் நுண்குழாய்கள் அடைபட்டு, ரத்தம் கிடைக்காத விழித்திரை வலுவற்ற புதுக் குழாய்களை வளர்த்திருக்கிறது. அவற்றில் ஒன்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. கல்லீரல் நோயாலும் ஊசியாலும் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்ததும் உதவவில்லை. வைரஸ் நேராகக் கண்ணைத் தாக்கியது என்று அவர் சொல்லவில்லை. இந்தக் குழாய்கள் வளரப் பல மாதங்கள் ஆகியிருக்கும், முன்பே வந்திருந்தால் லேசர் வைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கண்டிப்பு இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

இன்டர்பெரான் நிறுத்தப்பட்டது. இடக்கண்ணில் மூன்று அமர்வுகளாக லேசர் வைத்தார்கள். ஓரத்து விழித்திரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சூடுகள். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காக்கிற பேரம் அது. கடுமையான பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கும் என்பது 1970களிலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. வலக்கண்ணுக்கு அறுவை தேவைப்பட்டது. தட்டணுக்கள் ஏறும்வரை காத்திருந்ததில் விழித்திரை இழுபட்டுப் பிரிந்துவிட்டது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இடக்கண்ணில் தலைப்பு எழுத்துகளைப் படிப்பார்.

இலக்கியம் படிக்கிற நாம் பார்வையிழப்பைப் பற்றிப் பேசும்போது போர்ஹெஸைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். 1955இல் அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கு இயக்குநராக அமர்ந்தபோது அவருக்கு நூல்களைப் படிக்கும் பார்வை போய்விட்டிருந்தது. அந்த முரணை நாங்களும் நண்பர்களிடம் வியந்து சொன்னதுண்டு. இப்போது சொல்வதில்லை. அவருடைய குடும்பத்தில் அது வழிவழியாக வந்த நோய். அப்பாவுக்கு நேர்ந்ததை ஒரு பிற்பகலும் சில சொட்டு மருந்தும் பெரும்பாலும் தடுத்திருக்கும். தடுக்கக்கூடியதாய் இருந்த ஒன்றை விதியைப்போல எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

2015இல் புதிய மாத்திரைகள் இந்தியாவில் குறைந்த விலையில் கிடைக்கத் தொடங்கின. ஊசி இல்லை; அப்பாவுக்கு இருபத்துநான்கு வாரம் கொடுத்தார்கள். 2016இல் அவர் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அந்த மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஹெபடைடிஸ் சி நோயாளிக்கு இன்று இன்டர்பெரான் தேவைப்படுவதில்லை. கல்லீரலை அரித்த வைரஸ் போயிற்று. சர்க்கரை மூலையிலேயே இருக்கிறது. அது எங்கும் போகாது.

மாலைகளில் நாங்கள் மாறி மாறி அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறோம். காதால் மெய்ப்புப் பார்க்கிறார். ஒற்று மிக வேண்டிய இடத்தில் நாங்கள் விழுங்கினால், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்பார். பாதி நாள் அப்படித்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு எங்களில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. இரண்டாம் வகையில் கண்டுபிடித்த உடனேயே கண்ணைப் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்பது இப்போது எங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் நான்கு மாதம் ஓடிவிட்டது. கண்ணைக் காட்டியாயிற்றா என்று அப்பா ஒரு நாள் கேட்டார். நன்றாகத்தான் தெரிகிறது அப்பா என்ற பதில் வாயிலிருந்து வந்துவிட்டது. அதன் பிறகு மூவரும் பேசவில்லை. மறுநாள் காலையே போனோம். ஒரு கண்ணில் இரண்டு சிறு செம்புள்ளிகள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் போதும், அடுத்த ஆண்டு வாருங்கள் என்றார்கள்.

இந்தக் கட்டுரையையும் அவருக்குப் படித்துக் காட்டினோம். மூன்று ஒற்றுப்பிழை, ஒரு ஒருமை பன்மைக் குழப்பம். சீட்டைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். போகாமல் இருந்தது நான், அதில் உங்களைச் சேர்க்காதீர்கள் என்றார். மற்றத் திருத்தங்களையெல்லாம் செய்துவிட்டோம். அந்த ஒன்றை மட்டும் ஏற்கவில்லை.