எந்த ஊர் நம் ஊர்?

சென்ற மாதம் ஒரு மாலையில் பள்ளியிலிருந்து திரும்பிய என் பேத்தி, "தாத்தா, நாம் எந்த ஊர்க்காரர்கள்?" என்று வினவினாள். வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் என் நாவில் எழுந்தது. ஆயினும் சொல்ல மனம் வரவில்லை. அவ்வூரில் எனக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. அல்சூர் ஏரிக்கரையிலோ எழுபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன்.

ஆகவே அவளை அருகில் அமர்த்தி இந்நகரின் வரலாற்றைக் கூறலானேன். 1537-இல் கெம்பே கௌடர் மண்கோட்டை எழுப்பிப் பேட்டையை அமைத்தார். அதற்கு முன்பே இப்பகுதியில் தமிழ் வழங்கியமைக்கு டொம்லூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் சான்று பகரும். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தில் தங்கிற்று. அங்கே காய்ச்சல் வாட்டவே, 1809-இல் பெங்களூருக்கு மாறிற்று. படைக்குச் சோறும் துணியும் வீடும் வேண்டுமன்றோ! சமையற்காரர், தையற்காரர், கொத்தர், வணிகர் எனச் சென்னை மாகாணத் தமிழர் பலர் உடன் வந்தனர். அவ்விடத்தை மக்கள் 'தண்டு' என்றழைத்தனர். 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டி வரவே வருகை பெருகிற்று. என் பாட்டனாரும் பின்னாளில் அவ்வழியே கொத்து வேலைக்கு வந்தவர்தாம்.

பேட்டையும் தண்டும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சியாயின. உள்ளங்கள் ஒன்றுபட இன்னும் காலம் வேண்டியிருந்தது. 1991-இல் காவிரிக் கலவரம் மூண்ட இரவில் எங்கள் கதவு தட்டப்பட்டது. அஞ்சியவாறே திறந்தேன். நின்றவர் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார். "பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்றார். மூன்று நாள் அவர் கையால் உண்டோம்.

அவ்வாண்டு ஏரிக்கரையில் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-இல் அது திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றது. மறுவாரம் முதுமையுற்றிருந்த அவ்வம்மையாரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று வள்ளுவரைக் காட்டினேன்.

இவை யாவும் கேட்ட பேத்தி, "அப்படியானால் பெங்களூர்தான் நம் ஊர்" என்றாள். "ஆம் அம்மா. தமிழைப் பிழையறப் படி, கன்னடத்தையும் அவ்வாறே படி" என்றேன்.

அன்பர்களே, இவ்வினாவை உங்கள் இல்லத்துச் சிறாரும் ஒருநாள் கேட்பர். விடையை இன்றே ஆயத்தம் செய்து வையுங்கள்.