காரில் ஏறிய காரம்

முதுகுளத்தூருக்குப் போகப் போகிறோம் என்று சொன்னவுடனே, நம் நலத்தில் அக்கறையுள்ள அனைவரும் ஒரே குரலாகச் சொன்ன புத்திமதி, "காரைப் பத்திரமாகப் பூட்டிக் கொள்ளுங்கள்!" என்பதுதான். அவர்களில் ஒருவராவது அந்த ஊரைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். பார்க்காத ஊரைப் பற்றித்தானே இவ்வளவு நிச்சயமாகப் பேச முடியும்?

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, நண்பரும் நாமும் பரமக்குடியிலிருந்து தெற்கே புறப்பட்டோம். சாலையின் இரு மருங்கிலும் சீமைக் கருவேலங்காடு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த விருந்தாளி, வெட்டினாலும் தளிர்க்கிறது, போவதாக இல்லை. வானம் பார்த்த பூமி அது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நெல் உண்டு. பெய்யாவிட்டால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்க வேண்டியதுதான்.

அந்த வறண்ட மண்ணிலே விளைகிற முண்டு மிளகாயைப் பார்க்க வேண்டுமே! குட்டையாய், உருண்டையாய், தடித்த தோலுடன், செக்கச் செவேலென்று களத்தில் காய்ந்து கொண்டிருந்தது. இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நண்பர் இரண்டு கிலோ வாங்கினார். விற்ற அம்மாள் நிறுத்துப் போட்ட பிறகு, கொசுறாக மேலும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

பக்கத்திலேயே சித்திரங்குடிக் கண்மாய். 1989-ல் பறவைகள் சரணாலயமாகி, 2022-ல் ராம்ஸார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்ற செய்தியும் வந்தது. கருவேல மரங்களின் மேல் நாரைகளும் கூழைக்கடாக்களும் குஞ்சுகளோடு குடித்தனம் நடத்திக் கொண்டிருந்தன. அந்தக் காட்சியில் நாம் மெய்மறந்து போனோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான், காரின் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஆசனத்தின் மேல் நண்பரின் பணப்பை!

ஓடினோம். கதவு சாத்தியிருந்தது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அருகில் நின்றார். "ஆடு ஏறிரும்னு அடைச்சு வச்சேன், தம்பி. பை உள்ளேதான் கிடக்கு" என்றார். நமக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஏனென்றால், ஓடி வந்த அந்த அரை நிமிஷத்தில் ஊர் முழுவதையும் நாம் மனத்திற்குள் கைது செய்து விட்டோம்!

இப்படி மொத்தமாகக் கைது செய்யும் வித்தையை நமக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் சட்டமாக எழுதி வைத்தார்கள். 1871-ல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சமூகங்களில் பிறப்பதே குற்றமாயிற்று. திருடாதவனும் கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸாரிடம் ஆஜராக வேண்டும். முதுகுளத்தூரைச் சுற்றியுள்ள அப்பநாட்டிலும் இந்தக் கொடுமை நடந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலானோர் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. 1952-ல் நாடு முழுவதும் ஒழிந்தது.

இனி, திருட்டுக்கு வருவோம். அன்றிரவு ஒரு பெரிய நகரத்தில் தங்கினோம். விடுதி வாசலில் விளக்கு உண்டு, காவற்காரர் உண்டு, கண்காணிப்புக் காமிராவும் உண்டு. இத்தனை பந்தோபஸ்துக்கு நடுவே, விடியற்காலையில் பார்த்தால் காரின் கண்ணாடி தூள் தூளாகக் கிடக்கிறது!

நண்பர் பறவை பார்க்க வைத்திருந்த தூரதிருஷ்டிக் கண்ணாடி போய்விட்டது. அவருடைய தகப்பனார் கொடுத்தது. அதற்கு மட்டும் அவர் மெய்யாகவே வருந்தினார். கூடவே, நம்முடைய இரண்டு நாள் அழுக்குத் துணி மூட்டையும் போயிற்று. இந்தக் கட்டுரைக்கான குறிப்புகளை மட்டும் திருடர் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார். நம் எழுத்துக்கு இவ்வளவு கண்டிப்பான விமரிசனம் இதுவரையில் வந்ததில்லை.

மிளகாய்ப் பைதான் கிழிந்து, மிதிபட்டு, விதையும் பொடியுமாகச் சிதறிக் கிடந்தது. காவற்காரர் தலையைச் சொறிந்து கொண்டு, "ராத்திரி ரொம்ப நேரம் யாரோ தும்மிக்கிட்டே இருந்தாங்க சார். பாவம், ஜலதோஷம்னு நினைச்சேன்" என்றார். தகப்பனார் கொடுத்ததைப் பறிகொடுத்த நண்பரே முதலில் சிரித்தார். பிறகு நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

புகார் எழுதிக் கொண்டவர், "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

"முதுகுளத்தூரிலிருந்து."

"அதுதானே பார்த்தேன்!" என்று அவர் பேனாவை மூடினார்.

சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. சட்டம் புஸ்தகத்திலிருந்து போய் எத்தனையோ வருஷமாகிறது. நாக்கிலிருந்து இன்னும் போகவில்லை.

கண்ணாடியை மாற்றியாகிவிட்டது. எவ்வளவு துடைத்தும் காரம் மட்டும் போகவில்லை. காரில் ஏறுகிற நண்பர்கள் எல்லோரும் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, என்ன விஷயம் என்று கேட்கிறார்கள். நாமும் அலுக்காமல் இந்தக் கதையைச் சொல்லி வருகிறோம்.

அடுத்த முறை சித்திரங்குடிக்குப் போகும்போது அந்தப் பெரியவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "ஐயா, பட்டணத்துப் பக்கம் வந்தால் ஆடுகளைப் பத்திரமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்!"