நடந்தே போலாம், வேளாங்கண்ணி!

வேளாங்கண்ணிக்கு எப்படிப் போவீங்க? ட்ரெயின், பஸ், கார்... எதில் ஏறினாலும் சென்னையில் ராத்திரி தூங்கி எழுந்தால் காலையில் கடல் காத்து. ஆனால், ஆகஸ்ட் மாசம் ஈ.சி.ஆர். பக்கம் போயிருந்தீங்கன்னா, வேற மாதிரிப் போகிற ஒரு கூட்டத்தையும் பார்த்திருப்பீங்க. காவி வேட்டி, காவிச் சேலை, காவி டி-ஷர்ட். முன்னாடி சக்கரம் வைத்த சின்னச் சப்பரத்தில் மாதா சொரூபம். சுத்தி சீரியல் லைட். யாராவது ஒருத்தர் தொண்டை கிழிய "மரியே..." என்று ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் "வாழ்க!" என்று முடிக்கும். 'காவி கட்டியிருக்காங்களே, பழநிக்கா போறாங்க?' என்று ஒரு செகண்ட் குழம்பி, அப்புறம் மாதாவைப் பார்த்துத் தெளிஞ்சிருப்பீங்க.

குழப்பத்தில் தப்பே இல்லை பாஸ். நேர்ந்துக்கிட்டு, விரதம் இருந்து, காவி கட்டி, கூட்டமாக நடக்கிறது நம்ம ஊரோட பழக்கம். தைப்பூசத்துக்கு முருகனைப் பார்க்க நடக்கிற அதே மண்ணு, ஆவணியில் மாதாவைப் பார்க்க நடக்குது. அவ்வளவுதான்!

சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு 300 கி.மீ.க்கு மேல். ஆகஸ்ட் 29-ம் தேதி சாயந்திரம் கொடியேற்றம். செப்டம்பர் 8-ம் தேதி மாதாவோட பிறந்தநாள் திருவிழா. முதல் நாள் ராத்திரி பெரிய தேர் பவனி. ஒரு நாளைக்கு 30 கி.மீ. கணக்கு வைத்தால், கொடியேற்றத்தைப் பார்க்க ஆகஸ்ட் மூணாவது வாரமே கிளம்பியாகணும். போன வருஷம் நான் அப்படித்தான் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லேட்டாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ற பொண்ணு நான். என்னைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சிரிச்சாங்க, அம்மாவைத் தவிர.

காரணம் அம்மாதான். நாலு வருஷம் முன்னாடி தம்பிக்கு டெங்கு. ப்ளேட்லெட் இறங்கிக்கிட்டே போய், ஐ.சி.யு.வில் ஆறு நாள். அந்த வராண்டாவில் உட்கார்ந்து அம்மா மாதாவிடம் ஒரு பொருத்தனை பண்ணினாங்க: 'பிள்ளையைக் கொடுத்துடு, நடந்தே வர்றேன்.' தம்பி பிழைச்சான். இப்ப ப்ளஸ் டூ படிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு கிரிக்கெட் ஆடுறான். ஆனால், அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். "மாடிப்படியே ஏறாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார் டாக்டர். மூணு ஆகஸ்ட் போச்சு. எங்க தெரு வழியா காவிக் கூட்டம் போகிறப்ப எல்லாரும் வாசலுக்கு ஓடுவோம். அம்மா மட்டும் கிச்சனை விட்டு வெளியே வர மாட்டாங்க.

பங்குச் சாமியாரிடம் கூட்டிட்டுப் போனேன். கத்தோலிக்கத் திருச்சபைக்குன்னு ஒரு சட்டப் புத்தகம் இருக்கு, தெரியுமா? இப்ப நடைமுறையில் இருக்கிறது 1983-ல் வந்தது. அதில் 1193-ம் சட்டம் என்ன சொல்லுதுன்னா, பொருத்தனை அதைச் செய்தவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அம்மா நேர்ந்துக்கிட்டது மகள் தலையில் ஏறாது. 1196-ம் சட்டப்படி, நியாயமான காரணம் இருந்தால் பங்குச் சாமியாரே அதிலிருந்து விடுவிக்கலாம். 1197-ம் சட்டப்படி, நேர்ந்துக்கிட்டவரே அதுக்குச் சமமான, இல்லேன்னா அதைவிட மேலான வேற நல்ல காரியமா மாத்திக்கலாம். ஃபாதர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடிச்சார்.

அம்மா கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "சட்டத்துல விட்டுடுவீங்க ஃபாதர். நான் மாதாகிட்டல்ல சொல்லியிருக்கேன்!" என்றார்கள்.

"அப்ப நான் போறேன்" என்றேன். ஃபாதர் என்னைப் பார்த்து, "உனக்கு ஒரு கட்டாயமும் கிடையாதும்மா. போனா அது உன் இஷ்டம், அவ்வளவுதான்" என்றார். இந்த வார்த்தை எனக்கு வழி முழுக்க வேலை கொடுத்தது.

பெசன்ட் நகர் மாதா கோயிலில் ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பினோம். எங்க குரூப்பில் நாற்பது பேர். டைம்டேபிள் சிம்பிள். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து நடை. பத்து, பத்தரைக்கு வெயில் ஏறினதும் ஏதாவது சர்ச் வளாகம், கல்யாண மண்டபம், மரத்தடின்னு ஒதுங்கிச் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு மறுபடி நடை, ராத்திரி ஒன்பது வரை. நடுவில் ஜெபமாலை, பாட்டு, அரட்டை.

முதல் நாள் எல்லாருமே ஹீரோ. ரெண்டாவது நாள் கால் பேச ஆரம்பிக்கும். ஆகஸ்ட் மாசத்துத் தார் ரோடு எப்படிச் சுடும்னு வெறுங்காலோடு நேர்ந்துக்கிட்டவங்களைக் கேளுங்க. நீங்க ஷூ போடுறதா இருந்தா, புது ஷூ வேண்டவே வேண்டாம். மாசக்கணக்கா பழகினதாக இருக்கணும். சாக்ஸ் ஈரமானா உடனே மாத்துங்க. கொப்புளம் வந்தால் மேல்தோலை மட்டும் உரிக்காதீங்க. உரிச்சா சீழ் பிடிச்சு நடையே நின்னுடும். தொடை உரசுகிற இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிக்கங்க. இதை யாரும் வெளியே சொல்ல மாட்டாங்க. ஆனால், பாதிப் பேர் பாதி வழியில் உட்கார்றது இதனாலதான். பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு இருக்கட்டும்.

காலைவிடப் பெரிய பயம் ரோடு. பாதயாத்திரைக் கூட்டத்துக்குள்ள வண்டி புகுந்ததுங்கிற செய்தியைப் பேப்பர்ல நீங்களே படிச்சிருப்பீங்க. இருட்டு, தூக்கக் கலக்கத்துல நடக்கிறவங்க, அதே தூக்கக் கலக்கத்துல ஓட்டுறவங்க. எங்க லீடர் அண்ணன் இதில் ரொம்ப கறார். எல்லார் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர். முன்னாலும் பின்னாலும் டார்ச்சோடு ஒருத்தர். ரோட்டில் வலது பக்கம்தான் நடக்கணும், அப்பத்தான் எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். காதில் ஹெட்போன் இருந்தால் பிடுங்கிடுவார். வண்டி ஓட்டுகிற உங்களுக்கும் ஒரு ரெக்வெஸ்ட்: காவிக் கூட்டம் தெரிஞ்சா ஸ்பீடைக் குறைச்சு, ஹை-பீமை இறக்குங்க.

பொண்ணுங்களுக்கு இன்னொரு பிரச்னையும் இருக்கு. டாய்லெட்! இருக்கிற இடங்களைக் கணக்குப் பண்ணித்தான் தண்ணியே குடிச்சோம். ஒரு பெட்ரோல் பங்கில் பூட்டை மாட்டி வெச்சுக்கிட்டு, "சாவி இல்லம்மா" என்றார்கள். பக்கத்து வீட்டு ஆயா ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, எங்க பதினாறு பேரையும் வரிசையா உள்ளே விட்டு, போகும்போது ஆளுக்கு ஒரு சொம்பு மோரும் கொடுத்தார். நெத்தி நிறைய விபூதி. "மாதாகிட்ட எனக்கும் சேத்துச் சொல்லுங்கடி" என்றார்.

வழி முழுக்க இப்படித்தான். கோவளம் கார்மேல் மாதா, மரக்காணம் உப்பளம், பாண்டிச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்கா, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம் என்று ஊர் மாறிக்கிட்டே இருக்கும், டீயும் பிஸ்கட்டும் மட்டும் மாறாது. (பாண்டி, காரைக்கால் ரெண்டு ஊரிலும் லீடர் அண்ணன் பசங்க தலையை ரெண்டு தடவை எண்ணினார். ஏன்னு உங்களுக்கே தெரியும்!) திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாண ஜோடிகளைத் தாண்டினால் தரங்கம்பாடி. 1620-ல் டென்மார்க்காரங்க கோட்டை கட்டின ஊர். 1706-ல் அங்கே வந்து இறங்கின சீகன்பால்குதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து, அங்கேயே அச்சடிச்சார். அவர் புராட்டஸ்டண்ட், நாங்க கத்தோலிக்கர். எங்க கூட நடந்த பூக்கார அக்கா மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறவங்க. அவங்களுக்கு இது அஞ்சாவது வருஷ நடை. "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஒருத்தி பக்கத்துல இருக்கா, ஒருத்தியைப் பார்க்க நடக்கணும்" என்றார்கள்.

அஞ்சாவது நாள் பாண்டிச்சேரியில் நான் உட்கார்ந்துட்டேன். ரெண்டு குதிகாலிலும் கொப்புளம். பஸ் ஸ்டாண்ட் கூப்பிடு தூரம். ஏறினால் ராத்திரி வீட்டில் தூங்கலாம். 'உனக்கு ஒரு கட்டாயமும் கிடையாது' என்று ஃபாதர் குரல் காதில் கேட்குது. உண்மைதானே? எந்தச் சட்டத்திலும் எனக்குக் கடன் இல்லை. பரீட்சைன்னா அரியர் பயம் இருக்கு, வேலைன்னா சம்பளம் இருக்கு. இங்கே நடந்தாலும் ஒண்ணும் இல்லை, நிறுத்தினாலும் ஒண்ணும் இல்லை.

அப்பத்தான் அம்மாவோட தினசரி போன். அம்மா ஒரு நாள்கூடப் பொருத்தனையைப் பத்திப் பேசினதில்லை. "இன்னிக்கு எந்த ஊரு? ரோட்டோரம் என்ன இருக்கு? மரம் இருக்கா? சோறு யாரு போட்டாங்க?" இதைத்தான் கேட்பாங்க. அன்னிக்கு "கால் வலிக்குதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வந்துடு கண்ணு. மாதா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா" என்றார்கள். ரெண்டு நிமிஷம் கழிச்சு, மெதுவா, "கடலூர்க்கு அப்புறம் வழி எப்படியாம்?" என்றார்கள்.

அம்மா தினமும் ராத்திரி என் போன் வழியா நடந்துக்கிட்டு இருக்காங்கன்னு அப்பப் புரிஞ்சது. நான் பஸ் ஏறினால் அம்மாவும் பாண்டிச்சேரியோட நிக்கணும். கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு மறுநாள் மூணு மணிக்கு எழுந்தேன். கட்டாயம் எதுவும் இல்லாததால்தான் அந்த நடையை அம்மாவுக்காகன்னு என்னால் கொடுக்க முடிஞ்சதுன்னு இப்பத் தோணுது. கடனாக இருந்திருந்தால் கட்டித்தானே இருப்பேன்!

நாகூரில் எங்க ஆட்கள் பாதிப் பேர் தர்காவுக்குள் போய்ட்டு வந்தாங்க. அங்கே இருக்கிற உயரமான மினாரைக் கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். நாகப்பட்டினம் வந்ததும் பாட்டுச் சத்தம் தானாகக் குறைஞ்சது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது இந்த மாவட்டம்தான், 6,000-க்கும் மேல். வேளாங்கண்ணியிலேயே நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் போயிட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்க குரூப்பில் ஒரு தாத்தா அன்னிக்கு மகளை இழந்தவர். ஒவ்வொரு வருஷமும் நடக்கிறார். ஏன்னு கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. அவருக்குக் கிடைச்ச வரத்துக்கு நன்றி சொல்லி எல்லாரும் நடக்கறதில்லைன்னு மட்டும் தெரிஞ்சது.

வேளாங்கண்ணி மரபில் ஒரு கதை உண்டு. நடுத்திட்டில் மோர் வித்த ஒரு பையன், நடக்க முடியாதவன். குழந்தையோடு வந்த ஒரு அம்மா மோர் வாங்கிக் குடிச்சுட்டு, நாகப்பட்டினம் போய் ஒரு பணக்காரரிடம் 'இங்கே கோயில் கட்டணும்'னு சொல்லச் சொன்னாங்களாம். 'நடக்க முடியாதே' என்றவன் எழுந்து ஓடினானாம். அப்படிப் பார்த்தால் வேளாங்கண்ணியோட முதல் பாதயாத்திரைக்காரன் வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினத்துக்குத்தான் நடந்திருக்கான்!

பதினொண்ணாவது நாள் ஊர் ஆர்ச்சுக்குப் பக்கத்தில், பஸ்ஸில் வந்து இறங்கின அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. காவிச் சேலை. "இங்கருந்து நான் நடக்கிறேன். ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். மாத்திக்கலாம்னுதானே அந்தச் சட்டம் சொல்லுது?" என்றார்கள். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, நின்னு நின்னு, கோயில் வரைக்கும் நடந்தாங்க. 300 கி.மீ.யில் எனக்கு ரொம்ப நேரம் எடுத்த தூரம் அதுதான். உள்ளே போய் அம்மா அழலை. மெழுகுவத்தி ஏத்திட்டு, "சரி, வா, உன் காலைக் காட்டு" என்றார்கள்.

உங்களை 300 கி.மீ. நடக்கச் சொல்லலை. சாமி நம்பிக்கை இருக்கணும்னுகூடச் சொல்லலை. நாகப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைசி 12 கி.மீ. சொச்சம் நடந்து பாருங்க. மூணு மணி நேரம் ஆகும். யாருக்காக நடக்கிறோம்னு மட்டும் கிளம்பும்போதே முடிவு பண்ணிக்கங்க.

ஆங்... ரெண்டு ஜோடி சாக்ஸ் மறக்காதீங்க!