இரண்டாவது பியானோ

தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடித்தான் அத்தையின் காம்பராவில் கட்டிலுக்குக் கீழே கிடந்த தகரப் பெட்டியை இழுத்தேன். சான்றிதழ் கிடைத்தது. அது கசங்காமலிருக்க ஒரு பெரிய புத்தகத்தின் நடுவே வைத்திருந்தார்கள். அந்தப் புத்தகம் என்னை ஒன்றரை வருடம் அலையவிட்டது.

அட்டை இல்லை. முதல் சில தாள்களும் இல்லை. பழுப்பேறி, ஓரங்களில் கறையான் தின்று, ஒரு மூலை முழுக்கத் தண்ணீர்க் கறை. ஐந்து கோடுகளும் அவற்றில் மொய்க்கும் கறுப்புப் புள்ளிகளும் மேலைச் சங்கீதம் என்ற அளவுக்குப் புரிந்தது. ஓப்பநாயக்கவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரு லயத்துக்கு இது எப்படி வந்தது?

அத்தைக்குப் பாதி பதில் தெரிந்திருந்தது. தாத்தா பெரிய பங்களாவில் அப்பு. அப்பு என்றால் சமையல்காரர். ஆனால் சாவிக்கொத்து முதல் கோழிக்கூடு வரை அவர் பொறுப்புத்தான். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது, அடுப்பு மூட்ட ஆகும் என்று கொடுத்த காகிதக் கட்டில் இதுவும் இருந்ததாம்.

“தொரசாணி பொட்டி வாசிக்கும். நல்லா வாசிச்சிக்கிட்டே இருக்கும், திடீருன்னு நிப்பாட்டிரும். கைய மடியில வச்சிக்கிட்டு வாய் மட்டும் முணுமுணுக்கும். ஒங்க தாத்தா, தேத்தண்ணி கேக்குறாங்கன்னு ஓடுவாரு. போனா, கையால சும்மா இருன்னு காட்டும். அப்புறம் மறுபடி வாசிக்கும்.”

தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். வெள்ளைக்காரிக்குப் பாட்டு மறந்து மறந்து போகிறது என்பது அவர் முடிவு.

பங்களாவில் இப்போது பியானோ இல்லை. அது இருந்த இடத்தில் கணினி மேசை. ஆனால் பியானோ வந்த கதையை வயதானவர்கள் இன்னும் சொல்கிறார்கள்: ரயிலில் வந்ததாம், ஸ்டேஷனிலிருந்து எட்டுப் பேர் காவிக்கொண்டு மலை ஏறினார்களாம். எட்டா, பன்னிரண்டா என்பதில் மட்டும் தகராறு. ரயில் விஷயத்தை நம்பலாம். இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய களனிவெளிப் பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. அதற்கப்பால் போகவில்லை, பாதை இங்கேயே முடிந்தது. 1970களில் அவிசாவளைக்கு இப்பால் அதை மூடிவிட்டார்கள். ரயில் பாதை எங்கே முடியுமோ அங்கேதான் சாமான்கள் இறங்கும், தேயிலைப் பெட்டிகள் ஏறும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியைத் தாண்டி மரத்தாலும் கம்பியாலும் பசையாலும் செய்த ஒரு கருவியைக் கொண்டுவந்து ஈரம் படாமல் காப்பாற்ற நினைத்தவர்களின் தைரியத்தை என்ன சொல்ல!

புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரை நண்பர் ஒருவர் காட்டிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டன் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதில் நாற்பது வருடப் பழக்கம்.

“இதை எங்க எடுத்தனீங்கள் தம்பி?” என்று கேட்டபடியே புரட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “ஒவ்வொரு வரியின்ர தொடக்கத்திலயும் மூண்டு ஃப்ளாட் இருக்குது, பாருங்கோ. சி மைனர். நடுவில மெல்லமாப் போற பகுதியில நாலு ஷார்ப். சி மைனரில தொடங்கிப்போட்டு ஈ மேஜருக்குத் தாவுற கன்சேர்ட்டோ எண்டால், அது பீத்தோவனின்ர மூண்டாவதுதான்.”

என்னுடைய அடுத்த கேள்வி சிறுபிள்ளைத்தனமானது, ஆனாலும் கேட்டேன். பியானோ நோட்டுக்கு இரண்டு கைக்கு இரண்டு வரிசை போதுமே. இதில் ஏன் நான்கு?

“மேல இருக்கிற சோடி வாசிக்கிறவருக்கு. கீழ இருக்கிறது இரண்டாவது பியானோ. ஓர்க்கெஸ்ட்ரா முழுக்கவும் அதுக்குள்ளதான் கிடக்குது.”

பியானோ கன்சேர்ட்டோ என்பது ஒரு பியானோவும் ஒரு வாத்தியக் கூட்டமும் மாறிமாறிப் பேசிக்கொள்வது. கூட்டத்தை வீட்டுக்கு அழைக்க முடியாது. ஆகவே வயலினும் புல்லாங்குழலும் கொம்பும் முரசும் வாசிப்பதையெல்லாம் பத்து விரலுக்குள் சுருக்கி, கீழே இரண்டாவது பியானோவுக்கு என்று அச்சிட்டார்கள். மாணவர் ஒன்றில் உட்கார, ஆசிரியர் மற்றதில். இந்த மூன்றாவது கன்சேர்ட்டோவில் தொடக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பார்கள் (தாளக் கட்டங்கள்) ஓர்க்கெஸ்ட்ராவுக்கு. அதற்குப் பிறகுதான் பியானோ வாய் திறக்கும். பங்களாவில் இருந்ததோ ஒரே பியானோ. ஓர்க்கெஸ்ட்ராவின் முறை வந்தால் என்ன செய்வது? கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணுவதுதான்.

டீச்சர் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பென்சிலால் மெல்லிய கோடுகள், நான்கு நான்காக. பக்கத்தில் இருக்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். தாத்தா தேத்தண்ணியோடு நின்றது அந்த இடத்தில்தான்.

எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க அட்டை தேவையில்லை என்பதை அவர்தான் சொல்லித்தந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஐந்து இலக்க எண் ஒன்று இருந்தது. அப்பா ஸ்டோரில் வேலை பார்த்தவர் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). அங்கே பெட்டிகளில் தோட்டத்து மார்க், கிரேட், இன்வொய்ஸ் நம்பர் எல்லாவற்றையும் தகட்டை வைத்து மையால் ஒற்றுவார்கள். தெரிந்தவருக்கு இன்வொய்ஸ் நம்பர் போதும், எப்போது அரைத்த தூள் என்று சொல்லிவிடுவார். இசை அச்சிலும் அதே கணக்கு. அந்தக் காலத்தில் இசையை ஈயமும் தகரமும் கலந்த தகட்டில் வெட்டினார்கள். ஐந்து பல் உள்ள உளியால் ஒரே இழுப்பில் ஐந்து கோடு. பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அச்சு முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி. பிழை விழுந்தால் தகட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து தட்டிச் சமப்படுத்தி, மறுபடி குத்த வேண்டும். இப்படிச் செய்த தகடுகள் அலமாரியில் கலந்துவிடாமலிருக்கத்தான் அந்த எண்.

எண்ணையும் அடிக்குறிப்புகளையும் இணையத்திலிருக்கும் பழைய இசை நூலகத்தின் படிகளோடு ஒப்பிட்டேன். இரவு இரவாகப் பல வாரம் போனது. தோட்டத்தில் சிக்னல் நன்றாக இருப்பது நடுச்சாமத்துக்குப் பிறகுதான். கடைசியில் பொருந்தியது நியூயார்க்கின் ஷிர்மர் கம்பெனிப் பதிப்பு. அவர்கள் 1892இல் தொடங்கிய மஞ்சள் அட்டை வரிசையில் பீத்தோவனின் ஐந்து கன்சேர்ட்டோக்களும் 621 முதல் 625 வரை. என்னுடையது 623. அப்படியானால் தொலைந்த அட்டை மஞ்சள் நிறம். அத்தையிடம் சொன்னேன். “மஞ்சள்தான், எனக்குத் தெரியுமே” என்றார். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாராம்.

ஆனால் ஷிர்மர்காரர்கள் இதை முதலில் செய்தவர்கள் அல்லர். பதிப்பாசிரியர் ஃபிரான்ஸ் குல்லாக், பெர்லின்காரர். 1881இல் ஸ்டைன்கிரேபர் என்ற ஜெர்மன் பதிப்பகத்துக்காக அவர் செய்ததைத்தான் அமெரிக்கா எடுத்துப் போட்டது. எந்த விரலை எங்கே வைப்பது, இரண்டு சுரங்களை விரைந்து மாற்றி மாற்றி வாசிக்கும் ட்ரில் மேல் சுரத்தில் தொடங்குவதா கீழ்ச் சுரத்திலா என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு வைத்தவர் அவர். ட்ரில்லுக்கென்றே ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குக் குரு பரம்பரை இருந்தது. அவருடைய தகப்பன் தியோடர் குல்லாக், செர்னியின் மாணவர். செர்னி, பீத்தோவனின் மாணவர். அதே செர்னியிடமிருந்து வேறொரு கிளை கொழும்புக்கே வந்திருக்கிறது. செர்னியின் மாணவர் லெஷெட்டிட்ஸ்கி, அவருடைய மாணவர் மார்க் ஹாம்பர்க், அவரிடம் லண்டனில் படித்தவர் நம்முடைய லயனல் வெண்ட். புகைப்படக்காரராகத்தான் அவரை இன்று எல்லோருக்கும் தெரியும். பியானோவிலும் அவர் சளைத்தவர் அல்லர். 1944இல் இறந்தார். அவர் பெயரில் கொழும்பில் அரங்கம் இருக்கிறது.

சரி, குல்லாக்குக்கு முன்னால்? பீத்தோவன் எழுதியதைப் பார்த்துத்தானே அச்சடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் கால் தடுக்கியது.

1803 ஏப்ரல் 5ஆம் தேதி, வியன்னாவில் இந்தக் கன்சேர்ட்டோ முதல்முதலாக அரங்கேறிய இரவில் பீத்தோவனே வாசித்தார். பக்கம் புரட்ட இக்னாஸ் ஸைஃப்ரீட் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பின்னாளில் எழுதிவைத்தபடி, புரட்டிய பக்கங்களில் பெரும்பாலானவை வெறுமை. அங்கொன்று இங்கொன்றாக எகிப்தியச் சித்திர எழுத்துப்போல ஏதோ கிறுக்கல். அது வாசித்தவருக்கு மட்டும் புரியும். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் பீத்தோவன் ஒரு சாடை காட்டுவாராம். ஸைஃப்ரீட் பட்ட பயத்தைப் பார்த்து இரவுச் சாப்பாட்டின்போது விழுந்து விழுந்து சிரித்தாராம்.

பியானோ பகுதி முழுசாகத் தாளில் இறங்கியது அடுத்த வருடம், மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் வாசிக்க வேண்டும் என்று வந்தபோது. 1804இலேயே அச்சும் வந்தது. அதுவும் நாம் நினைக்கிற மாதிரிப் புத்தகமாக அல்ல. வயலின்காரருக்கு ஒரு கட்டு, கொம்பு ஊதுபவருக்கு ஒரு கட்டு என்று தனித்தனியாக. எல்லா வாத்தியமும் ஒரே பக்கத்தில் தெரியும் முழு ஸ்கோரும் இரண்டு பியானோப் பதிப்பும் பிறகு பிறர் கையால் வந்தவை. முதல் பகுதியின் முடிவில் பியானோக்காரர் தனியாக விளையாடக் காடென்ஸா என்று ஓர் இடம் விட்டிருக்கிறது. அதற்கு எழுதித் தரும்படி ரீஸ் கேட்டபோது, நீயே செய்துகொள் என்றிருக்கிறார் குரு. தானே ஒன்று எழுதியது 1809இல்தான்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவுக்குப் பிறந்த வருடம் இரண்டு. சான்றிதழில் ஒன்று, தோட்டத்துப் பதிவில் ஒன்று. பெயரும் அப்படித்தான்; எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார், பிள்ளைகளின் தகப்பன் பெயராக அதுவே இன்றைக்கும் வாழ்கிறது. பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியிலும் வருடத்தின் கடைசி இலக்கத்தில் தகராறு. வெகுகாலம் 1800 என்று வாசித்தார்கள், அந்த வருடத்து வேலை என்றே எழுதினார்கள். பிறகு உற்றுப் பார்த்தவர்கள் 1803 என்றார்கள். மேதைக்கும் அப்புவுக்கும் ஒரே வியாதி.

அந்தக் கையெழுத்துப் பிரதி பட்ட பாடும் கொஞ்சமல்ல. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து பெர்லின் நூலகத்திலிருந்து சிலேசியாவுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தபோது அந்த மண் போலந்துக்குப் போய்விட்டது, பெட்டிகள் எங்கே என்று முப்பது வருடம் வெளியுலகத்துக்குத் தெரியாது. 1977இல் போலந்து அரசு சில பொக்கிஷங்களைக் கிழக்கு ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தது. மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ அதில் ஒன்று, இந்த மூன்றாவது கன்சேர்ட்டோ இன்னொன்று. பதிப்பாளர்கள் மறுபடி மூலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்; 1984இல் ஹென்லே பதிப்பகம் புதிய ஆய்வுப் பதிப்பை வெளியிட்டது. இன்றைக்கு மாணவர்கள் தேடுவது அந்த மாதிரியான பதிப்பைத்தான். பழைய ஆசிரியர்கள் சேர்த்ததைக் களைந்து, எது பீத்தோவனுடையது, எது பதிப்பாசிரியருடையது என்று பிரித்துக் காட்டுவது.

அதே 1977. ஆகஸ்டில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத்தில் லயத்தை விட்டு ஓடியபோது அப்பாயி எடுத்துக்கொண்டது இந்தத் தகரப் பெட்டி மட்டும். இரண்டு இரவு காட்டில், மழையில். மூலையிலுள்ள தண்ணீர்க் கறை அப்போது வந்தது. பெட்டியைக் காப்பாற்றியது பாட்டுக்காக அல்ல, அதற்குள் இருந்த சான்றிதழுக்காக. பிரஜாவுரிமைக் காகிதம் இல்லாதவர்களின் பயம் அது.

டீச்சரிடம் கேட்டேன், இப்போது யாராவது குல்லாக் பதிப்பில் படிப்பார்களா? “பழசு எண்டு தள்ளுறவையும் இருக்கினம். எனக்கு இது பிடிக்கும், தம்பி. ஆள் பக்கத்தில இருந்து சொல்லித் தாற மாதிரி இருக்கும். ஆனா அவர் சொல்லுறதையெல்லாம் பீத்தோவன் சொன்னது எண்டு நினைக்கப்படாது.” அடுத்த பியானோவில் உட்கார மாணவி யாரும் இல்லாததால், தனியாகவே ஒரு பக்கம் வாசித்துக் காட்டினார். ஓர்க்கெஸ்ட்ராவின் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு எண்ணினார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அத்தை சொன்னபோது எனக்கு விளங்காத அந்த முணுமுணுப்பை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

தொலைந்த முதல் பக்கங்களை இணைய நூலகத்திலிருந்து அச்செடுத்து, பெல்மதுளையில் ஒரு பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசித் தாளைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். அதன் வெற்றுப் பின்பக்கத்தில் பென்சிலால் தாத்தாவின் கணக்கு: முட்டை 12, பாண் 2, மண்ணெண்ணெய் ஒரு போத்தல், மறுபடி முட்டை 6, அதை அடித்து 8. வேண்டாம், அதையும் சேர்த்தே தைக்கச் சொன்னேன்.