கேட்காமலே நீட்டப்படும் பாட்டில்

லேப் வாசலில் நிற்பவர்களின் கைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ரத்தம் கொடுக்க வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாவகாசமாக நிற்பார். சிறுநீர் டப்பாவை வாங்கியவரோ அதைக் கர்சீப்பில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் பாத்ரூம் பக்கம் நகர்வார். எல்லோர் உடம்பிலும் தினமும் நடக்கிற வேலைதான். ஆனாலும் கூச்சம்.

அந்தக் கூச்சம் ஆளையே படுத்திவிடும் என்பதற்கு விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் 72 வயதுப் பெரியவர் சாட்சி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். மனைவி இல்லை, மகள்தான் பார்த்துக்கொண்டார். பெற்ற மகளிடம் பெட்பேன் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். காலையில் அரை டம்ளர் காபி, மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர். வற்புறுத்தினால், "தாகம் இல்லம்மா."

நான்கு நாள் மோஷன் போகவில்லை. ஐந்தாம் நாள் படுக்கையில் தண்ணீராகக் கசிந்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்த மகள், மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வயிறு இன்னும் உப்பியது. சிறுநீர் அடர் மஞ்சளாகி எரிந்தது. அன்று ராத்திரி இருட்டைப் பார்த்து, "டிக்கெட்... டிக்கெட்..." என்று கேட்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று மகள் பயந்தே போனார்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸ் வருவார். அப்படி வந்தவர் முதலில் கேட்ட கேள்வி: "ஐயா, கடைசியா கட்டியா மோஷன் போனது எப்போ?"

அந்த ஒரு கேள்வியில் பாதி முடிச்சு அவிழ்ந்தது. இறுகிய மலம் உள்ளே அடைத்துக்கொண்டால், அதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் கசியும். பார்க்க வயிற்றுப்போக்கு போலவே இருக்கும். அதை நிறுத்த மாத்திரை கொடுத்தால் அடைப்புதான் கூடும். டாக்டரிடம் போனில் பேசி, எனிமா கொடுத்தார் நர்ஸ். முதியவர்களின் திடீர்க் குழப்பத்துக்கு மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று எல்லாமே காரணமாகலாம் என்பதால், டாக்டர் யூரின் கல்ச்சரும் எழுதினார்.

மகள் கழுவி வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். "வேணாம்க்கா" என்றார் நர்ஸ். எவ்வளவு கழுவினாலும் அதில் வெளிக்கிருமி இருக்கும், ரிப்போர்ட் தப்பாக வரும். லேப் தரும் கிருமி நீக்கிய டப்பாதான் வேண்டும். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. பிறப்புறுப்பைக் கழுவிய பின், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பெயரும் நேரமும் எழுதி 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீஸரில் கூடாது. முக்கியமாக, ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சிறுநீர் ட்யூப் போட்டவர்களுக்கு, பையில் தேங்கியதைப் பிடித்துக் கொடுப்பதும் தவறு. இதை எல்லாம் சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும். பல இடங்களில் டப்பாவை மட்டும் நீட்டிவிடுகிறார்கள்!

இதில் எதையும் அவர் மகளிடம் சொல்லவில்லை. கதவைச் சாத்தி, இடுப்பில் துண்டைப் போர்த்தி, நேராகப் பெரியவரிடமே விளக்கினார். பெரியவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, தானே பிடித்துக் கொடுத்தார்.

கிளம்பும்போது மகளிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "அவரைக் கேக்க வைக்காதீங்கக்கா. ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே யூரின் பாட்டிலைக் கையில குடுத்துட்டு வெளிய வந்துடுங்க. டிபன் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல குடல் தானா அசையும், அப்போ கமோடு சேர்ல உக்கார வைங்க." இதயம், சிறுநீரகம் இரண்டிலும் கோளாறு இல்லாததால், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

கல்ச்சரில் தொற்று உறுதியானது. அதற்கேற்ற மருந்து கொடுத்த சில நாட்களில், ராத்திரி டிக்கெட் கேட்பது நின்றது.

இப்போது தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு இருக்கிறது. குடித்த தண்ணீரும் போன சிறுநீரும் மில்லி கணக்கில், நேரம் போட்டு, அவர் கையெழுத்தில். கண்டக்டர் பழக்கம் போகவில்லை. பக்கத்தின் உச்சியில் கோடு போட்டு, இந்தப் பக்கம் 'வரவு', அந்தப் பக்கம் 'செலவு' என்று எழுதியிருக்கிறார்.