பிள்ளையும் பெயர்ப்பலகையும்

விழாமலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர் பலரும் எழுதுவது போல விளையாட்டுப் போட்டிகளையும் விடுதிச் சாம்பாரையும் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். அவற்றை என்னினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். நான் நெருங்கி அறிந்தது வேறொன்று. 1974 ஆம் ஆண்டு தொடங்கி 31 ஆண்டுகள், இலண்டன் மாநகரின் தென்பாகத்தில், வளர்ச்சியிற் பின்தங்கிய பிள்ளைகளுக்கான பாடசாலையொன்றில் ஆசிரியனாகக் கடமையாற்றினேன். அப்பிள்ளைகளுக்குப் பெரியோர் இட்ட பெயர்களைப் பற்றிச் சிறிது கூற விழைகிறேன்.

நான் அங்குச் சேர்ந்த காலத்தில் அத்தகைய பாடசாலைகள் இங்கிலாந்திற் புதியன. 1971 ஏப்பிரல் 1 ஆம் திகதிக்கு முன்னர், அப்பிள்ளைகள் 'கல்வி புகட்ட இயலாதோர்' எனக் கொள்ளப்பட்டுச் சுகாதாரப் பகுதியாரின் பராமரிப்பில் விடப்பட்டிருந்தனர். 1970 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலையை மாற்றியது. மார்ச்சு 31 இல் கற்க இயலாதவனாயிருந்த சிறுவன் மறுநாட் காலை மாணவனாயினான். அந்நாள் அந்நாட்டில் முட்டாள்கள் தினமாக இருந்தமை தற்செயலே; எனினும் எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர் அதனை ஆண்டுதோறும் நினைவூட்டத் தவறியதில்லை.

அதற்கு முன்னிருந்த பெயர்கள் இன்னுங் கொடியன. 'இடியட்', 'இம்பெசில்' என்பன இன்று தெருவில் எறியப்படும் வசைச் சொற்கள். 1913 ஆம் ஆண்டில் அவை பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் சொற்களாயிருந்தன. 'மோரோன்' என்பதோ, 1910 இல் அமெரிக்கராகிய கொடார்ட் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிக்கொண்ட சாத்திரச் சொல். இத்தனைக்கும், 1905 இல் பாரிசு நகரில் முதல் விவேகப் பரீட்சையை வகுத்த பினே என்பார், உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறியவே அதனைச் செய்தார். விவேகம் பிறவியில் அளந்து வைக்கப்பட்ட மாறாப் பொருள் என்போரை அவர் வன்மையாக மறுத்தவர். அவர் கைக்கோலை ஏனையோர் பிரம்பாக்கிவிட்டனர்.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் முதலிற் 'கல்வியிற் கடுமையாகத் தாழ்ந்தோர்' எனப்பட்டனர். 1981 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 1983 இல் நடைமுறைக்கு வந்தபின் 'கடுமையான கற்றற் சிரமமுடையோர்' ஆயினர். பிள்ளைகள் அவர்களே, மழைக்கு ஒழுகிய சாளரமும் அதுவே. சில ஆண்டுகளில் அயற்றெருச் சிறுவர் 'ஸ்பெஷல்' என்னும் நற்சொல்லையும் ஏளனச் சொல்லாக்கிவிட்டனர். 1952 இல் அன்போடு தொடங்கப்பட்ட 'ஸ்பாஸ்ரிக்' சங்கமும் இதே காரணத்தாற்றான் 1994 இல் தன் பெயரை 'ஸ்கோப்' என மாற்ற நேர்ந்தது.

ஒரு பெயர் மட்டும் வேறு வழியால் ஒழிந்தது. 1866 இல் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில வைத்தியர், ஒருவகைப் பிள்ளைகளின் முகச்சாயலை நோக்கி அவர்களை மொங்கோலியர் இனத்தோடு சேர்த்து எழுதிவிட்டார். ஏறத்தாழ நூறாண்டு அப்பெயர் நின்றது. 1959 இல் லெஜூன் என்னும் பிரெஞ்சு வைத்தியரும் அவர் குழுவினரும், 21 ஆம் நிறமூர்த்தம் ஒன்று மிகுந்திருத்தலே காரணம் என வெளியிட்டனர். 1965 இல் மொங்கோலிய நாட்டார் உலக சுகாதார நிறுவனத்திடம் முறையிட, அந்நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. முறையிடுதற்கு அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது, பிள்ளைகளுக்கு அஃதில்லை.

இவ்வளவுங் கண்டோர் சிலர், பெயரே வேண்டாம் என்பர். அதற்கு என் மனம் ஒருப்படவில்லை. நம் கல்லூரியில் என் வகுப்பிலேயே ஒருவன் இருந்தான். எட்டாம் வகுப்பு வரையும் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்க அவனால் முடிந்ததில்லை. கணக்கிலோ எங்களுக்கெல்லாம் முன்னே விடை சொல்வான். அவனுக்கு வழங்கிய பட்டப்பெயரை இங்கு எழுதேன். 1896 இலேயே ஆங்கில வைத்தியர் ஒருவர் இத்தகைய 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியிருந்தார். அச்செய்தி எங்கள் வகுப்பறையை எட்டவில்லை. பட்டப்பெயர் இருந்தது, சரியான பெயர் இல்லை. ஆதலின் பரிகாரமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அவன் வரவில்லை.

1992 ஆம் ஆண்டு, போரினால் இடம்பெயர்ந்து வந்த நம்மவர் குடும்பமொன்றிற்கு மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். பிள்ளைக்கு வயது ஐந்து, பேச்சு வரவில்லை. வைத்தியர் 'ஓட்டிசம்' என்றார். பால்ற்றிமோரில் கானர் என்பார் 1943 இல், தாம் கண்ட 11 பிள்ளைகளைக் கொண்டு விளக்கிய நிலை அது. பத்திரத்திற் பெற்றோர் ஒப்பமிடல் வேண்டும். தந்தையார் என்னைப் பார்த்து, "மாஸ்டர், இதுக்குத் தமிழிலை என்ன பேர்?" என்றார்.

நம் மொழியில் அன்று என் கைக்கெட்டியவை 'மந்தபுத்தி', 'பைத்தியம்' என்னும் இரண்டே, இரண்டும் பொய். ஆகவே பெயர் சொல்லாது பொருளைச் சொன்னேன்: "உங்கள் மகனுக்குச் சொல்லிலும் படம் எளிதில் விளங்கும். பெருஞ் சத்தம் அவனுக்கு நோவு. நாளின் ஒழுங்கு மாறினால் அஞ்சுவான். அந்த ஆங்கிலச் சொல் இதைத்தான் சொல்கிறது." அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மூத்தவளுக்குக் கலியாணம் பேசிற வயது. கடிதம் போக முன்னம் கதை ஊருக்குப் போயிடும்" என்றார். அவ்வச்சத்தை நான் இகழேன். நம் ஊரை நானும் அறிவேன்.

அப்போது தாயார், "கையெழுத்து வைச்சால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என வினவினார். பேச்சுப் பயிற்சி, உடனிருக்க ஓர் உதவியாளர், போக்குவரத்துக்கு வாகனம் என எண்ணிச் சொன்னேன். "வைக்காட்டில்?" என்றார். இவற்றுள் ஒன்றும் இப்போதைக்கு இல்லை என்றேன். அவ்வம்மையார் பேனாவைத் தருமாறு கையை நீட்டினார்.

பெயர் திறக்கும் கதவு எங்கும் ஒன்றன்று என்பதையும் மறைத்தலாகாது. வியன்னாவில் 1944 இல் அஸ்பெர்கர் எழுதியதை 1981 இல் லோர்ணா விங் அம்மையார் ஆங்கில உலகிற்கு அறிமுகஞ் செய்ய, அவர் பெயரே ஒரு நிலைக்குப் பெயராயிற்று. 2013 இல் அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் அதனைத் தன் பட்டியலினின்றும் நீக்கி ஓட்டிசத்துள் அடக்கியது. 2018 இல், நாற்சிகள் காலத்தில் அவர் சில பிள்ளைகளை 'ஸ்பீகல்குறுண்ட்' நிலையத்துக்கு அனுப்பியமை ஆவணங்களோடு வெளிவந்தது. ஏறத்தாழ 800 பிள்ளைகள் மாண்ட இடம் அது. ஆங்கு ஒரு வைத்தியர் ஏட்டில் எழுதிய ஒரு வரி, உயிரைத் தீர்க்கும் வரியாயிருந்தது.

இன்று நம் மொழியிற் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இங்கு 'விசேட தேவையுடையோர்' என்கிறோம். தமிழகத்தில் 'மாற்றுத்திறனாளி' என்கின்றனர். இவை பழையனவற்றினும் பண்பானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பதினான்கு வயது மகனைத் தோளிற் சுமந்து வைத்தியசாலை வரிசையில் நிற்கும் தாயிடம் 'மாற்றுத்திறன்' என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு சக்கரநாற்காலி.

எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையின் ஏட்டில் வைத்தியர் இட்ட பெயரை ஒரு வரியில் எழுதி, அதன் கீழ், அப்பிள்ளை தானாகச் செய்வன, துணையோடு செய்வன, அஞ்சுவன, விரும்புவன ஆகியவற்றை முழுப்பக்கத்தில் எழுதுவோம், தவணைதோறும் புதுப்பிப்போம். அப்படிவத்தைத் தமிழில் ஆக்கி வைத்திருக்கிறேன். நம் கல்லூரி ஆசிரியரோ, விசேட கல்வி அலகுகளிற் கற்பிக்கும் பழைய மாணவரோ வேண்டின், மலர்க்குழுவினர் வாயிலாக எழுதுக, அனுப்பி வைப்பேன்.